திட்டுக்குப் போயிருக்கிறார்

டார்பன் பே
செப்டம்பர் 21

தம்பி லென்வொர்த்துக்கு,

புயல் திட்டை வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆள் சேதம் இல்லை. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாக நலம் விசாரிக்கலாம். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? என் முழங்கால் பழையபடிதான். ரத்த அழுத்த மாத்திரை கைவசம் இருக்கிறது.

கரையில் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. சீமைப்பலா மரம் சாய்ந்தது, ஐஸ் கடைக் கூரையில் நாலு தகரம் பறந்தது. அறுபது மைல் தெற்கே, நடுக்கடல் மணல் திட்டில்தான் ஒரு குச்சி நிற்கவில்லை. முன்கூட்டியே கடலோரக் காவல் கப்பல் போய் ஆட்களை ஏற்றி வந்துவிட்டது. குடிசைகள், மீன்கூடுகள், படகுகள், நான் அங்கே வைத்திருந்த ஐஸ் பெட்டிகள், எல்லாம் போயிற்று. பறவைகள் மட்டும் திரும்பி வந்து வெறும் மணலில் உட்கார்ந்திருக்கின்றனவாம். உன் அத்தான் எஸ்மண்ட் வீட்டில்தான் இருக்கிறார். நலம்.

டெலிபோன் டவர் சாய்ந்து கிடக்கிறது. அது நிமிர்ந்தாலும் நான் எழுதத்தான் போகிறேன். போனில் நீ "பாக்கலாம்க்கா" என்பாய். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இன்சூரன்ஸ் ஆபீஸ் மூலம் நீ ஏற்பாடு செய்துகொடுத்த புயல் பத்திரம். இரண்டு வருடமாக என் தராசுக்கு மீன் கொண்டுவரும் ஒவ்வொருவனிடமும் ராத்தலுக்கு இரண்டு டாலர் பிடித்துக் கட்டி வருகிறோம். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நான் அன்று சொன்னது இதுதான்: "நாம போடற பார்ட்னர் சீட்டு மாதிரிதான்ப்பா. ஊர் பேர் தெரியாத பணக்காரங்க பெரிய தொகைய ஒரு பெட்டில போட்டுப் பூட்டிடுவாங்க. நாம கட்டறது அவங்களுக்கு வட்டி. மூணு வருஷம் புயல் வரலைன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வந்துச்சுன்னா பெட்டி நமக்கு."

புயல் வந்துவிட்டது. பெட்டி எப்போது வரும்?

நேரத்துக்குச் சாப்பிடு. காபியையே சாப்பாடாக்கிவிடாதே.

அக்கா,
டெல்ரோஸ்


முகாம்: ஹாமில்டன், பெர்முடா
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஆள் சேதமில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குளிர் வரும்வரை மூச்சிரைப்பு தொந்தரவு செய்யாது. அத்தானுக்கு என் வணக்கம்.

பெட்டி வராது, அக்கா.

பத்திரத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறது. கடல் வரைபடத்தின்மேல் நாலு கோடு, அவ்வளவுதான். புயலின் கண் அந்தக் கட்டத்துக்குள் வரவேண்டும். வரும்போது காற்றழுத்தம் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். என்ன உடைந்தது, யார் வீடு போனது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால்தான் பணம் சீக்கிரம் கிடைக்கும் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். கிடைக்காது என்பதும் அதே வேகத்தில் முடிவாகிவிடுகிறது. ரோவெனா புயலின் அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்கித்தான் இருந்தது. ஆனால் அதன் கண் கட்டத்தின் தெற்குக் கோட்டுக்கு நாற்பது மைல் தள்ளிப் போய்விட்டது. கட்டம் டார்பன் பேயைச் சுற்றி இருக்கிறது. திட்டு அதற்குள் இல்லை.

அன்று ஆபீசில் எல்லோரும் திரை முன்னால் நின்றோம். புயல் தெற்கே திரும்பியதும் பக்கத்து மேஜை ட்ரெவர், "திரும்பிடுச்சுப்பா! தப்பிச்சோம்!" என்று என் தோளில் தட்டினான். அவன் கெட்டவன் இல்லை. இந்தப் பத்திரத்தில் பணம் போட்டிருப்பது ஏதோ குளிர்நாட்டு வாத்தியார்களின் ஓய்வூதிய நிதி. அவர்கள் பணம் தப்பியது, அதற்குச் சந்தோஷப்பட்டான். தெற்கே என்ன இருக்கிறது என்று அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் போய்த் தேநீர் போட்டேன். அது மேஜையிலேயே ஆறிப்போனது.

திட்டு ஏன் கட்டத்துக்குள் இல்லை என்று எனக்கே புரியவில்லை. நான் முதலீட்டாளர்களுக்குக் கணக்கு அனுப்புகிறவன். கட்டம் போடுவது வேறு பிரிவு. விசாரித்து எழுதுகிறேன்.

உன் தம்பி,
லென்வொர்த்


டார்பன் பே
அக்டோபர் 24

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மழைக்காலம் முழங்காலில் தெரிகிறது. மற்றபடி சௌக்கியம்.

ஐஸ் கடை முன்னால் கூட்டம் போட்டு, வராது என்று ஒரே வாயில் சொல்லிவிட்டேன். சரக்கு கெட்டதை மூடிவைத்தால் இன்னும் நாறும். டக்ஸி எழுந்தான். திட்டில் அவன் குடிசைதான் பெரிசு, வாயும் பெரிசு.

"மிஸ் டெல், புயல் எங்க வீட்டக் கொண்டுபோச்சா இல்லையா?"

"கொண்டுபோச்சு."

"அப்ப எந்தப் புயலுக்குத்தான் காசு குடுப்பாங்க?"

"கட்டத்துக்குள்ள வர்ற புயலுக்கு."

"புயலுக்குக் கட்டம் தெரியுமா?"

"உனக்கே தெரியல டக்ஸி, அதுக்கு எப்படித் தெரியும்?"

சிரித்தார்கள். சிரிப்போடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "ரெண்டு வருஷம் ராத்தலுக்கு ரெண்டு டாலர், மிஸ் டெல். உங்க தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்ட காசா அது?" அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தலையில் கூடை சுமந்து ஐஸ் விற்க ஆரம்பித்தவள் நான். இந்தத் தராசு முள்ளை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மறுநாள் மூன்று பேர் வேறு தராசுக்குப் போய்விட்டார்கள். இன்னும் பத்துப் பேர் போனால் நம் மீனவர் சங்கமும் இல்லை, கடையும் இல்லை.

அதனால் கேட்கிறேன். கட்டம் போட்டவன் யார்? எனக்குப் பெயர் வேண்டும்.

எஸ்மண்ட் உன் அறையில் படுத்துக்கொள்கிறார். அவர் குறட்டையை அந்தச் சுவர்தான் தாங்கும். வாடகைக்கு வந்தவரைப் போல மரியாதையாக இருக்கிறார். குடித்த கோப்பையை அவரே கழுவி வைக்கிறார்.

ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போடு, குளிர் வரப்போகிறது.

அக்கா


முகாம்: ஹாமில்டன்
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கவேண்டும்.

பெயர் கேட்டாய். கட்டத்தை யாரும் தன் இஷ்டத்துக்குப் போடவில்லை. ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போட்டிருக்கிறார்கள். பத்திரம் எழுதுமுன் கிங்ஸ்டனிலிருந்து மிஸ் செவெரின் என்ற பெண் கணக்கெடுக்க உன் கடைக்கு வந்தாள், நினைவிருக்கிறதா? அவளோடு போனில் பேசினேன். "உங்க ஆளுங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாளாம். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் டார்பன் பே என்றார்களாம். திட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அங்க போயிருக்காங்க" என்றார்களாம். அவள் கிங்ஸ்டன்காரி. எப்போதாவது போய்வருகிற இடம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாலு பேர் சொன்னதை வச்சு மட்டும் நான் எழுதலை சார். மிஸ் டெல்லோட வீட்டுக்காரரும் மீனவர்ங்கறதால அவங்களையும் தனியாக் கேட்டேன். எம் புருஷன் இங்கதான் இருக்காருன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் வேற யாரைக் கேக்கறது?" என்றாள்.

குறை சொல்ல எழுதவில்லை அக்கா. நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன்.

இங்கே நாள் முழுக்க மழை. இந்த ஊர் வீடுகளில் கூரையில் விழுகிற தண்ணீர் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. ஞாயிறு மத்தியானம் படுத்தபடியே அது நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு சத்தமில்லை.

லென்வொர்த்


டார்பன் பே
டிசம்பர் 4

தம்பிக்கு,

தைலம் வந்தது. எரிகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதே. திட்டில் இருக்கிறேன் என்று இங்கே எவன் சொல்வான்? நீ மறந்துவிட்டாயா? வருடம் பூராவும் அங்கேயே படுத்து எழுந்தாலும் "போயிருக்கான்"தான். "இருக்கான்" என்று சொல்லிவிட்டால் திட்டு ஆளை வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. அங்கே சோற்றுக்கடை வைத்திருந்த பர்லீனைக் கேள். பதினோரு வருடமாக அவள் அடுப்பு அங்கேதான் எரிந்தது. எந்த ஊர் என்றால் டார்பன் பே என்பாள். இங்கே அவளுக்கு ஒரு முளைக்குச்சிகூடக் கிடையாது. இப்போது சர்ச் மண்டபத்தில் பாய் போட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டம் பெரிதானால் கட்டணமும் பெரிதாகும் என்று எனக்கு அன்றே தெரியும். விலை குறைவாக வந்தபோது ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். மலிவாக வரும் மீனின் செவுளைத் திறந்து பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. அதை மட்டும் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களிடம் இதையும் சொல்லிவிட்டேன்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் தலைப்பில் "முகாம்" என்று போடுகிறாய். சர்வே எடுக்கப் போன தாசில்தார் மாதிரி. பத்தொன்பது வருடம் என்னடா முகாம்? அங்கே யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்?

கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிக் குடிக்க சோரல் பூ காயவைத்தேன். ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். இஞ்சியைத் தாராளமாகத் தட்டிப் போடு.

அக்கா


முகாம்: ஹாமில்டன்
டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சோரல் வந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் பானை நிறையக் காய்ச்சிவிட்டேன். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன். சளி கொஞ்சம், மூச்சு பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கோர்ட் தெருவில் நம் ஊர்க்காரர் கடை மட்டும் திறந்திருந்தது. ஆட்டுக்கறி வாங்கினேன்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

"சௌக்கியம்."

"எப்ப ஊருக்கு?"

"இந்த வருஷம் போயிடணும். நீங்க?"

"நானும் இந்த வருஷந்தான்."

போன கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் பேசினோம். ஒரு வார்த்தை மாறவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: டார்பன் பே என்றுதான் சொல்வேன். இங்கே எனக்கு வீடு வாங்க வழியில்லை, வேலை அனுமதி மூன்று மூன்று வருடமாகத்தான் கிடைக்கிறது. ஆனால் என் பல் டாக்டர் இங்கேதான். ஞாயிறு காலை உப்புமீனும் உருளைக்கிழங்கும் தட்டில் இல்லாவிட்டால் எனக்கு ஞாயிறாகத் தெரிவதில்லை. அது நம் வீட்டுப் பழக்கம் இல்லை, அக்கா.

ஜூனில் புதுப் பத்திரம் வருகிறது. திட்டையும் கட்டத்துக்குள் கொண்டுவரலாம். பணம் போடுகிறவர்களுக்கு ஆபத்தைக் கண்டு பயமில்லை. எவ்வளவு பெரிய ஆபத்தானாலும் ஒரு விலை சொல்வார்கள், வாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டதற்கு மட்டும் அவர்களால் விலை போட முடியாது. ஆகவே யார் எங்கே இருக்கிறார்கள் என்று இந்தமுறை உள்ளபடி சொல்லவேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. புயலுக்கு முன்னால் அத்தான் கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தார்?

லென்வொர்த்


டார்பன் பே
மார்ச் 2

தம்பிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. ஐஸ் மெஷின் ரிப்பேர். காரணம் அதுதான் என்று வைத்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சளி போயிற்றா?

தகரம் விலை ஏறிவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகத் திட்டுக்குத் திரும்புகிறார்கள். தகரம், கயிறு, கூட்டுக்குக் கம்பிவலை எல்லாம் கடனில் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் மீன் யார் பிடிப்பது? வேறு தராசுக்குப் போன மூவரில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அந்தத் தராசு ராத்தலுக்கு இரண்டு அவுன்ஸ் தின்றதாம்.

எஸ்மண்டும் போன வாரம் போய்விட்டார். போகுமுன் கடைக்கு வந்தார். வீட்டு வழியாக வரவில்லை, வாடிக்கைக்காரர்கள் வரும் வாசல் வழியாக வந்தார். திட்டில் ஒரு ஆள் குடிசைக்குப் பத்துத் தகரம் போதும். எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவர் இருபது கேட்டார். எடுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"ஒரு தாழ்ப்பாளும் வேணும், டெல்."

"எந்தப் பக்கம் போடறதுக்கு?" அளவு வேறு வேறு, அதனால் கேட்டேன்.

"உள்பக்கம்" என்றார்.

திட்டில் தனியாகப் படுக்கிறவன் எவனும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டதில்லை, தம்பி. கடலுக்குப் போகும்போது வெளியே பூட்டத்தான் வாங்குவான். எடுத்துக் கொடுத்தேன். கடை விலைதான். அவர் தள்ளுபடி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அதே படகில் பர்லீனும் போனாள். அவள் தகரம் எதுவும் வாங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

அக்கா


முகாம்: ஹாமில்டன்
மார்ச் 20

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தமுறை சும்மா கேட்கவில்லை. எப்படி இருக்கிறது?

என்னிடம் அன்றே சொல்லியிருக்கலாமே என்று எழுதி, அடித்துவிட்டேன். நான் எங்கே இருந்தேன், நீ சொல்வதற்கு? இந்தப் பதினோரு வருடத்தில் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் "அத்தான் எங்கே" என்றேன். "திட்டுக்குப் போயிருக்கார்" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

மிஸ் செவெரின் ஏப்ரலில் வருவாள். அதே கேள்வியைக் கேட்பாள். நீ மறுபடியும் டார்பன் பே என்றே சொன்னாலும் நான் இங்கே வாய் திறக்கமாட்டேன். அது உன் வீட்டு விஷயம். ஆனால் திட்டு வெளியேதான் நிற்கும். அடுத்த புயலுக்கும் பெட்டி வராது. அதற்குப்பின் உன் தராசுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று உனக்கே தெரியும்.

என் வேலை அனுமதியை நீட்டிவிட்டார்கள். மூன்று வருடம். பத்திரத்துக்கும் அதே கெடுதான். ட்ரெவர் கை கொடுத்தான்.

என் அறை காலியாகியிருக்குமே. என் பழைய துணிப்பெட்டியை அங்கேயே இருக்கவிடு. வந்துவிடுவேன்.

லென்வொர்த்


டார்பன் பே
ஏப்ரல் 26

தம்பிக்கு,

உண்மையாகக் கேட்டதால் உண்மையாகச் சொல்கிறேன். பசி இருக்கிறது, தூக்கம் குறைவு.

மிஸ் செவெரின் வந்தாள். அதே பெஞ்ச், அதே ஆட்கள். திட்டிலிருந்து சரக்குப் படகு வந்த நாள், எஸ்மண்டும் மீனோடு தராசுப் பக்கம் நின்றார். அவள் பேனாவைத் திறந்து, "உங்க ஆளுங்க எங்க இருக்காங்க?" என்றாள்.

பெஞ்சில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். திட்டு என்று சொன்னால்தான் திட்டு கட்டத்துக்குள் வரும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். தலையாட்டியவர்கள்தான். இப்போது டக்ஸி தன் கால்விரலை முதன்முதலாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன டக்ஸி, நாக்கு ஐஸ்ல ஒட்டிக்கிச்சா?"

"அங்க போயிருக்கோம்னு வேணா சொல்றேன் மிஸ் டெல். அதுக்கு மேல வாய் வரமாட்டேங்குது. எங்கப்பா ஒருதரம் அப்படிச் சொல்லித்தான் போய்ச் சேந்தாரு."

"உங்கப்பா ரம்மக் குடிச்சிட்டுப் படகுலேருந்து விழுந்தாரு. திட்டு மேல பழி போடாத."

பெஞ்சே குலுங்கியது. பிறகு அடங்கியது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மிஸ் டெல். உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

எல்லாத் தலையும் திரும்பியது. பதினோரு வருடமாக இந்த ஊருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் ஊருக்குத் தெரியும். நான் சொல்லாதவரை யாரும் சொல்வதில்லை, அதுதான் ஏற்பாடு. கடன்காரன்கூடச் சண்டையில் அதை இழுத்ததில்லை. கட்டணம் குறையட்டும் என்றுதான் அன்று பேசாமல் இருந்தேன் என்று உனக்கு எழுதினேன். அது பாதி. அந்த வார்த்தையை என் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அறுபது படகு விலையாகப் போயிற்று.

"திட்டுல இருக்காரு" என்றேன்.

"போயிருக்காருங்களா?" இந்தமுறை அவள் விவரமாகத்தான் கேட்கிறாள்.

"இல்லம்மா. இருக்காரு."

எஸ்மண்ட் தராசிலிருந்த மீனைக் கையில் எடுத்தார், திரும்ப அங்கேயே வைத்தார். "டெல்" என்றார். நான் முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னேன்.

பிறகு டக்ஸி, "என் பேருக்கும் திட்டுன்னே போட்டுக்கோம்மா" என்றான். அடுத்தவன், அதற்கடுத்தவன். சொல்லிவிட்டு ஒவ்வொருவனும் தரையில் துப்பினான், திட்டு காதில் விழாதபடிக்கு. கடை வாசலைக் கழுவ எனக்கு இரண்டு வாளி தண்ணீர் ஆயிற்று.

கடையைச் சாத்தி வீட்டுக்கு வந்து கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். இத்தனை வருடமாகப் போட்டதில்லை. சரக்குப் படகு எந்த நேரத்தில் கரை சேருமோ என்று சும்மா சாத்தித்தான் வைத்திருப்பேன். துருப்பிடித்து நகரவில்லை. எண்ணெய் விட்டேன்.

விலையைக் கேட்டு எழுது.

அக்கா


ஹாமில்டன், பெர்முடா
மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் வருகிறதா? இங்கே குளிர் விட்டுவிட்டது, என் மூச்சு சீராக இருக்கிறது.

தலைப்பை எழுதும்போது பழக்கத்தில் கை "மு" போட்டுவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

கட்டம் தெற்கே நீள்கிறது, திட்டு உள்ளே வருகிறது. விலை ஏறும், நீ எதிர்பார்த்ததுதான்: ராத்தலுக்கு ஐந்து டாலர். பணம் போட ஆட்கள் தயார். ட்ரெவர் வரைபடத்தைப் பார்த்து, "இந்தத் தண்ணிக்கு நடுவுல யாருப்பா இருக்காங்க?" என்றான். "எங்க அத்தான்" என்றேன். ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். பத்தொன்பது வருடத்தில் அந்த ஆபீசில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

அறையை வாடகைக்கு விட்டுவிடு, அக்கா. சும்மா பூட்டி வைக்கச் சொல்ல எனக்கு நியாயமில்லை. வந்துவிடுவேன் என்று நானும் ரொம்ப நாளாகச் சொல்கிறேன்.

சங்கத்துக்குச் சம்மதமா என்று எழுது.

தம்பி,
லென்வொர்த்


டார்பன் பே
ஜூன் 1

தம்பி லென்வொர்த்துக்கு,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கடைசியில் விலைதான் நிற்கவேண்டும். தூக்கம் பரவாயில்லை. முழங்கால் அப்படியே. தைலம் தீர்ந்துவிட்டது, இரண்டு புட்டி அனுப்பு. ட்ரெவருக்கு அடுத்த சோரலில் ஒரு பொட்டலம் உண்டு, பானை வீணாகாது.

சங்கத்துக்குச் சம்மதம். பேசி முடித்தது இது:

திட்டு கட்டத்துக்குள். மூன்று வருடம். புயலின் கண் உள்ளே வந்து அழுத்தம் தொள்ளாயிரத்து எழுபது மில்லிபாருக்குக் கீழே போனால் முழுப் பெட்டியும் நமக்கு, தொள்ளாயிரத்து எண்பத்தைந்துக்குக் கீழே என்றால் பாதி. ஐந்து டாலர் என்பது கேட்கிற விலை. உன் ஆபீஸ் தன் கமிஷனைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று மிஸ் செவெரினிடம் கேட்டேன்; நேற்றுத் தகவல் வந்தது. ராத்தலுக்கு நாலரை, என் தராசில் பிடித்தம்.

எஸ்மண்ட் இருப்பது திட்டில். பெட்டி வந்தால் அவர் பங்கு அங்கே போகும். வீடு என் பெயரில், இப்போது இருக்கிறபடியே. அவருக்கு ஐஸ் கொடுப்பது கடை விலைக்கு, ரொக்கத்துக்கு மட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கடையின் பின்கட்டில் படுக்க இடம் தருவேன், இரண்டு பேருக்கும். வீட்டுக்குள் இல்லை. அவரிடம் தராசுப் பக்கத்தில் வைத்தே சொன்னேன். சரி என்றார்.

உன் அறையை வாடகைக்கு விடமாட்டேன். மூன்று வருடம் காலியாக வைத்திருப்பேன். அதற்குள் நீ வந்தால் அறை உனக்கு, வராவிட்டால் என் ஐஸ் பெட்டிகளுக்கு. கட்டணம் மாதம் ஒரு கடிதம், முதல் வாரத்துக்குள், தலைப்பில் நீ இருக்கிற ஊரை எழுதி.